50 பைட்டில் அறுந்த பெயர்: யூனிகோடு சரிபார்ப்பு ஏன் வாசலிலேயே நடக்க வேண்டும்

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் உறுப்பினர் பதிவேட்டைப் பழைய தரவுத்தளத்திலிருந்து புதியதற்கு மாற்றித் தரும் பணி எங்கள் குழுவிடம் வந்தது. பெயர், ஊர், தந்தை பெயர் ஆகிய எல்லாமே தமிழில் இருந்தன. மாற்றும் நிரல் பாதி வழியில் நின்றுவிட்டது. ஒரு வரியில் செல்லாத பைட்டு வரிசை இருக்கிறது என்று புதிய தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ் அதை ஏற்க மறுத்திருந்தது. காலக்கெடு நெருங்கிய அவசரத்தில், பைத்தானில் பைட்டுகளை எழுத்தாக மாற்றும் இடத்தில் பிழைகளைப் புறக்கணிக்கும் 'இக்னோர்' என்ற விருப்பத்தை எங்களில் ஒருவர் சேர்த்தார். நிரல் தடையின்றி ஓடி முடிந்தது. மறுநாள் அச்சிட்ட பட்டியலை வரிவரியாகப் படித்தபோதுதான், முத்துக்குமாரசாமி என்று இருக்க வேண்டிய இடத்தில் முத்துக்குமாரசாம என்று இருப்பதைக் கண்டோம். அதைப்போல இன்னும் பல பெயர்கள் கடைசி எழுத்தை இழந்திருந்தன.

காரணம் எளிய கணக்குதான். ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் குறியீட்டெண் என்ற தனி எண்ணைத் தரும் யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட பகுதி 2944 முதல் 3071 வரையுள்ள குறியீட்டெண்களைக் கொண்டது. அந்த எண்களைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் எழுதும்போது இவற்றில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்ளும். முத்துக்குமாரசாமி என்ற பெயரில், மெய்யின் புள்ளியையும் உயிர்க்குறிகளையும் தனித்தனியே எண்ணினால், 17 குறியீட்டெண்கள் உள்ளன. அதாவது 51 பைட்டுகள். பழைய அமைப்பில் பெயருக்கு ஒதுக்கிய அகலமோ 50 பைட்டு. கடைசியில் நிற்கும் இகரக் குறி 224, 174, 191 என்ற மூன்று பைட்டுகளால் ஆனது. அதில் 191 வெட்டுப்பட்டு, 224, 174 ஆகிய இரண்டு மட்டும் அநாதையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. போஸ்ட்கிரெஸ் நியாயமாகவே அதை மறுத்தது. நாங்கள் அந்த எச்சரிக்கையை அணைத்துவிட்டு, எஞ்சியிருந்த தடயத்தையும் அழித்தோம்.

அன்று முதல் நான் வலியுறுத்திவரும் விதி ஒன்றே. வெளியிலிருந்து வரும் பைட்டுகள் செல்லுபடியாகும் யூனிகோடு குறியேற்றம்தானா என்பதை, அவை நம் மென்பொருளுக்குள் நுழையும் இடத்திலேயே சோதிக்க வேண்டும். தவறு இருந்தால் சத்தமாக நிறுத்த வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் அமைதியாகத் திருத்திக்கொள்ளக் கூடாது.

செல்லுபடி என்பது கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லாத, ஆம் அல்லது இல்லை என்று விடை வரும் கேள்வி. 1992 செப்டம்பரில் கென் தாம்சனும் ராப் பைக்கும் வடிவமைத்த யூடிஎஃப்-8, 2003இல் வெளியான ஆர்எஃப்சி 3629 என்ற இணையத் தர ஆவணத்தின் வழியாக இன்றைய கண்டிப்பான வடிவத்தைப் பெற்றது. அதன்படி 0 முதல் 127 வரையுள்ள பைட்டு தனியே ஓர் எழுத்து. 194 முதல் 223 வரை இருந்தால் இரண்டு பைட்டு எழுத்தின் தொடக்கம், 224 முதல் 239 வரை மூன்று பைட்டு எழுத்தின் தொடக்கம், 240 முதல் 244 வரை நான்கு பைட்டு எழுத்தின் தொடக்கம். தொடரும் பைட்டுகள் எல்லாம் 128 முதல் 191 வரை இருக்க வேண்டும். 192, 193 ஆகியவையும், 245உம் அதற்கு மேற்பட்டவையும் சரியான உரையில் எங்குமே வராது.

இதில் பலரும் கவனிக்காமல் விடும் நுட்பம், இரண்டாவது பைட்டுக்கான கூடுதல் கட்டுப்பாடு. 224க்குப் பின் வருவது 160க்குக் குறையக் கூடாது. 237க்குப் பின் வருவது 159ஐத் தாண்டக் கூடாது. 240க்குப் பின் 144க்குக் குறையக் கூடாது. 244க்குப் பின் 143ஐத் தாண்டக் கூடாது. முதல் விதியும் மூன்றாவது விதியும் ஓர் எழுத்தைத் தேவைக்கு மேல் நீட்டி எழுதுவதைத் தடுக்கின்றன. இரண்டாவது, யூடிஎஃப்-16 என்ற இன்னொரு குறியேற்ற முறையின் உள்வேலைக்காக ஒதுக்கிய பதிலிக் குறியீட்டெண்கள் உரைக்குள் நுழைவதைத் தடுக்கிறது. நான்காவது, யூனிகோடின் உச்ச எல்லையைக் காக்கிறது. நம் தமிழ் எழுத்துகள் அனைத்தும் 224இல் தொடங்கி, அடுத்து 174 அல்லது 175ஐக் கொண்டிருப்பதால், பைட்டுகளை எண்களாகப் பார்க்கப் பழகியவர்கள் பழுதான தமிழ் உரையைக் கண்ணாலேயே இனங்காண முடியும்.

நீட்டி எழுதுவதை ஏன் இவ்வளவு கடுமையாகத் தடுக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது 2000ஆம் ஆண்டின் நிகழ்வை. மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் வலைவழங்கி, கோரப்படும் முகவரியில் மேலடைவுக்குத் தாவும் புள்ளிகளும் சாய்கோடும் இருக்கின்றனவா என்று பார்த்தது. ஆனால் 47 என்ற ஒரே பைட்டால் எழுத வேண்டிய சாய்கோட்டை 192, 175 என்று இரண்டு பைட்டாக நீட்டி எழுதினால், அந்தச் சோதனை அதைச் சாய்கோடாக அடையாளம் காணவில்லை. சோதனை முடிந்தபின் குறியவிழ்த்த, அதாவது பைட்டுகளை எழுத்தாக்கிய, பகுதியோ அதைச் சாய்கோடாகவே புரிந்துகொண்டது. இந்த ஓட்டை வழியே வழங்கியின் கட்டளைக் கோப்புகளையே இயக்க முடிந்தது. 2001இல் உலகெங்கும் பரவிய நிம்டா புழு பயன்படுத்திய வழிகளில் இதுவும் ஒன்று. முதலில் பாதுகாப்புச் சோதனை, பிறகு குறியவிழ்ப்பு என்ற வரிசைதான் அங்கே குற்றவாளி. குறியேற்றத்தைச் சரிபார்ப்பதே முதல் வேலையாக இருக்க வேண்டும். மற்ற எல்லாச் சோதனைகளும் அதற்குப் பிறகுதான்.

பழுதான பைட்டுகளை நீக்கிவிடுவதும் இதே காரணத்தால் ஆபத்தானது. தடைசெய்யப்பட்ட ஒரு கட்டளைச் சொல்லின் நடுவே யாரேனும் ஒரு பழுதான பைட்டைச் செருகி அனுப்பினால், தடைப்பட்டியல் அதை அறியாமல் விட்டுவிடும். அடுத்த கட்டத்தில் நாமே அந்த பைட்டை நீக்கி, தடைசெய்யப்பட்ட சொல்லை முழுமையாக்கிக் கொடுத்துவிடுவோம். நீக்குவதற்குப் பதிலாக மாற்றுக்குறியை இடுவது, அதாவது கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி தெரியுமே அதை இடுவது, இந்தத் தாக்குதலைத் தடுக்கும். ஆனாலும் தரவைப் பொறுத்தவரை அதுவும் இழப்புதான். மாற்றுக்குறி தன்னளவில் செல்லுபடியாகும் எழுத்து என்பதால், பின்னால் வரும் எந்தச் சரிபார்ப்பும் அதைப் பிடிக்காது. அதற்கடியில் என்ன பைட்டுகள் இருந்தன என்பதை எவராலும் மீட்கவும் முடியாது. ஆகவே பிறர் தரும் கோப்பில் 239, 191, 189 என்ற வரிசையைக் கண்டால், நமக்கு முன்னரே யாரோ ஒருவர் இதைத் தொலைத்துவிட்டுத் தந்திருக்கிறார் என்று பொருள் கொண்டு, மூலக் கோப்பைக் கேட்டு வாங்குவதே நல்லது.

ஒவ்வொரு நிரல்மொழியும் இதில் வெவ்வேறு இயல்பைக் கொண்டிருக்கிறது. அந்த வேறுபாடு தெரியாமல் இருப்பதுதான் பல பிழைகளுக்கு வேர். பைத்தானில் இயல்புநிலை கண்டிப்பானது. நாம்தான் 'இக்னோர்' போட்டு அதைத் தளர்த்துகிறோம். ரஸ்டில் செல்லாத பைட்டுகளைப் பாதுகாப்பான நிரல் வழியில் சரமாக்கவே, அதாவது உரையாக்கவே, இயலாது. ஜாவாவில் பைட்டுகளிலிருந்து நேரடியாகச் சரம் உருவாக்கினால், பழுதான இடத்தில் ஒரு சொல்லும் சொல்லாமல் மாற்றுக்குறி வந்து அமர்ந்துவிடும். பிழையாக அறிவிக்க வேண்டுமானால் சார்செட் டிகோடரை வெளிப்படையாக அமைக்க வேண்டும். கோ மொழியில் பைட்டுகளைச் சரமாக்கும்போது எந்தச் சோதனையும் நடப்பதில்லை. அதற்கென உள்ள வேலிட் ஸ்டிரிங் செயற்கூறை நாமே அழைக்க வேண்டும். உலாவியில் டெக்ஸ்ட் டிகோடரை உருவாக்கும்போது 'ஃபேட்டல்' என்ற விருப்பத்தை இட்டால்தான் பிழை எழும்.

பிஎச்பியைத் தனியே குறிப்பிட வேண்டியிருக்கிறது, ஏனெனில் தமிழ்த் தளங்கள் பல அதில் இயங்குகின்றன. அதன் சப்ஸ்டர் செயற்கூறு எழுத்தை எண்ணாது, பைட்டை எண்ணும். ஒரு தமிழ்த் தலைப்பை முதல் 100 பைட்டு என்று அது வெட்டினால், இடைவெளியே இல்லாத உரையில் 33 குறியீட்டெண்கள் முழுதாக அமைந்து, 224 என்ற ஒற்றை பைட்டு மிஞ்சும். அந்த அரைகுறைச் சரத்தை எச்டிஎம்எல் சிறப்புக்குறிகளை மாற்றும் செயற்கூறுக்கு அனுப்பினால், 2021இல் வந்த பிஎச்பி 8.1க்கு முந்தைய பதிப்புகளில் அது இயல்பாகத் திருப்பித் தந்தது வெற்றுச் சரத்தை. ஒரு பைட்டு மிஞ்சியதற்காக முழுத் தலைப்பும் பக்கத்திலிருந்து மறைந்துபோனது. 8.1 முதல் அந்த இடத்தில் மாற்றுக்குறி வந்து அமர்கிறது. ஜேசன் ஆக்கும் செயற்கூறும் இதே நிலையில் எதையும் தராமல் தோல்வியைத் திருப்பும். இடைவெளியும் எண்களும் ஒரு பைட்டு என்பதால், வெட்டு எங்கே விழும் என்பது தலைப்புக்குத் தலைப்பு மாறும். அதனால்தான் இந்தப் பிழை சில தலைப்புகளில் மட்டும் தோன்றி, சோதனையாளரின் கையில் சிக்காமல் நழுவுகிறது. கோப்பை 4096 பைட்டுத் துண்டுகளாகப் படித்து ஒவ்வொரு துண்டையும் தனியே எழுத்தாக்கும் நிரலிலும் இதே நோய் உண்டு, ஏனெனில் 4096 மூன்றால் வகுபடாது.

தமிழில் மட்டுமே சோதித்தால் தெரியாத குறை ஒன்றும் இருக்கிறது. மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் நெடுங்காலமாக 'யூடிஎஃப்8' என்று அழைத்தது, எழுத்துக்கு மூன்று பைட்டு வரை மட்டுமே ஏற்கும் வடிவத்தை. தமிழ் அதற்குள் அடங்கிவிடுவதால் எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். பயனர் ஓர் இமோஜியை இட்டவுடன் நான்காவது பைட்டு தேவைப்படும். கண்டிப்பு முறை அணைந்திருந்தால், அந்த இமோஜியிலிருந்து உரையின் இறுதி வரை ஓர் எச்சரிக்கையோடு வெட்டப்பட்டுவிடும். 2019இல் யூனிகோடு 12 தமிழ்ப் பின்ன எண்களைச் சேர்த்தபின், முந்திரி, காணி போன்ற குறிகளுக்கும் நான்கு பைட்டு தேவை. பழைய நிலப் பதிவுகளை எண்ணிமமாக்குவோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும். 'யூடிஎஃப்8எம்பி4' என்பதே அங்கே சரியான தேர்வு.

இவ்வளவு சொன்னபின், இந்தச் சோதனையால் எதைக் கண்டுபிடிக்க முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். தஸ்கி போன்ற எட்டு பிட்டுக் குறியேற்றத்தில் அமைந்த தமிழ்க் கோப்பை யூடிஎஃப்-8 சோதனைக்கு உட்படுத்தினால், பெரும்பாலும் தொடக்கத்திலேயே தோற்றுவிடும். அது நமக்கு நன்மை. ஆனால் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு ஆங்கில விசைகளின் பைட்டுகளாலேயே ஆனது என்பதால், எந்தத் தடையும் இல்லாமல் தேறிவிடும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குவியல்தான் தெரியும். இலங்கையிலிருந்தும் புலம்பெயர்ந்தோரிடமிருந்தும் வரும் பழைய ஆவணங்களில் இதை நான் அடிக்கடி கண்டிருக்கிறேன். யூடிஎஃப்-8 உரையை மேற்கு ஐரோப்பியக் குறியேற்றம் என்று தவறாகப் படித்து மீண்டும் யூடிஎஃப்-8 ஆகச் சேமித்த கோப்பும் தேறிவிடும். தலையில் சாய்கோடு தாங்கிய ஐரோப்பிய எழுத்தும், வட்டத்துக்குள் 'ஆர்' கொண்ட வணிகப் பதிவுக் குறியும் மாறிமாறி வருவது அதன் அடையாளம். 224உம் 174உம் அந்தக் குறியேற்றத்தில் அப்படித்தான் தோன்றும்.

ஒகரக் குறியை ஒரே குறியீட்டெண்ணாகவும் எழுதலாம். கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். இரண்டும் செல்லும், இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் பைட்டுக்குப் பைட்டு ஒப்பிட்டால் பொருந்தாது. சரிபார்ப்பு முடிந்தவுடன் என்எஃப்சி இயல்பாக்கத்தைச் செய்தால் இந்த இரண்டும் ஒன்றாகிவிடும். ஔகாரக் குறியின் வலப்பகுதிக்குப் பதிலாக ளகரத்தைத் தட்டியிருந்தால் அந்த இயல்பாக்கமும் உதவாது. அதற்குத் தமிழ் அறிந்த ஒருவர் தனி விதி எழுத வேண்டும்.

உரையை வெட்டியே ஆக வேண்டிய இடத்தில், குறியீட்டெண் எல்லையில் வெட்டினால் குறியேற்றம் பிழைக்கும், பெயர் பிழைக்காது. செல்வன் என்ற பெயரின் புள்ளி மட்டும் போனால் கிடைக்கும் செல்வன என்பது முழுக்கச் செல்லுபடியாகும் யூனிகோடுதான். எனவே ஐசியூ நூலகமோ உலாவியின் செக்மென்ட்டர் வசதியோ தரும் எழுத்துக் கூட்ட எல்லையில்தான், அதாவது எழுத்தும் அதன் குறியும் பிரியாத இடத்தில்தான், வெட்ட வேண்டும். அதைவிட மேல், பெயருக்கான நெடுவரிசையின் அகலத்தை வெட்டவே தேவைப்படாத அளவுக்கு வைப்பது.

எங்கள் சோதனைத் தொகுப்பில் இப்போது சில பைட்டு வரிசைகள் நிரந்தரமாக இருக்கின்றன: நீட்டி எழுதிய சாய்கோடான 192, 175, பதிலிக் குறியீட்டெண்ணான 237, 160, 128, உச்ச எல்லையைக் கடந்த 244, 144, 128, 128, பாதியில் நின்ற 224, 174. இந்த நான்கில் ஒன்றை ஏற்றுக்கொள்ளும் எந்த நிரலையும் நாங்கள் வெளியிடுவதில்லை. மறுக்கப்படும் ஒவ்வொரு வரிக்கும், கோப்பின் பெயர், வரி எண், பழுது தொடங்கும் பைட்டின் இடம் ஆகியவற்றோடு ஓர் அறிக்கை உருவாகி, தரவைத் தந்தவரிடமே போகிறது.

அந்த உறுப்பினர் பதிவேட்டையும் அப்படித்தான் மீண்டும் தொடக்கத்திலிருந்து மாற்றினோம். 'இக்னோர்' விருப்பத்தை நீக்கியபின், அறுந்த பெயர்கள் ஒவ்வொன்றாக அறிக்கையில் வந்து நின்றன. 50ஆவது பைட்டுக்கு அப்பால் என்ன இருந்தது என்பது பழைய தரவுத்தளத்தில் எங்குமே இல்லை. அலுவலகத்தின் மூத்த எழுத்தர் ஒருவர், உறுப்பினர்கள் கையெழுத்திட்ட காகித விண்ணப்பங்களை அலமாரியிலிருந்து எடுத்து, இரண்டு நாள் எங்களோடு அமர்ந்து, ஒவ்வொரு பெயரையும் வாசித்துச் சொன்னார்.