ஃப்ரீ சோலோ: அர்த்தம் தெரியாம யாரு பெஸ்ட்னு சண்ட போடுறது எப்படி?

"உலகத்துலயே பெஸ்ட் ஃப்ரீ சோலோ க்ளைம்பர் யாரு"னு யாராவது கேட்டா போதும், அலெக்ஸ் ஹொனால்ட்னு பத்து பேர் ஒரே குரல்ல சொல்லுவாங்க, அடுத்த ஆளு "அவருக்கு முன்னாடியே ஜான் பாக்கர்னு ஒருத்தர் இருந்தாரு தெரியுமா"ம்பாரு, இன்னொருத்தர் எவரெஸ்ட்ட தனியா ஏறின மெஸ்னர இழுத்துட்டு வருவாரு, கடைசில துபாய் பில்டிங்ல ஏறின ஆளு பேரும் வந்து விழும். இதுல பாதி சண்ட ஆளப் பத்தினதே இல்ல, ஆளுக்கு ஒரு அர்த்தம் வச்சிக்கிட்டு அந்த சொல்லப் பிடிச்சு இழுக்குறாங்க. அதனால மொதல்ல சொல்லப் பாத்துருவோம், ஆளுங்களுக்கு அப்புறம் வரலாம்.

ஃப்ரீ சோலோன்னா பாறையில கயிறு, இடுப்பு பெல்ட், கீழ பிடிச்சிக்கிற ஆளு எதுவுமே இல்லாம, வெறும் கை கால வச்சு, விழுந்தா உயிர் போற உயரத்துல ஏறுறது. ஷூவும் கை வழுக்காம இருக்க சாக் பவுடரும் மட்டும் உண்டு.

இப்ப "ஃப்ரீ"க்கு வருவோம், குழப்பம் எல்லாம் இங்கதான். நமக்கு ஃப்ரீன்னா ஒன்னு இலவசம், இல்லன்னா சுதந்திரம். பாறையேறுறவங்க பேச்சுல அது ரெண்டுமே கிடையாது. அவங்க கணக்குல ஏறுறது ரெண்டு வகை. பாறையில ஆணி அடிச்சு, அதுல துணி ஏணிய மாட்டி, அதப் பிடிச்சு தொங்கி மேல போனா அது எய்ட் க்ளைம்பிங். கருவியப் பிடிக்காம பாறைய மட்டும் பிடிச்சு ஏறினா ஃப்ரீ க்ளைம்பிங், அதாவது கருவியோட ஒத்தாசை இல்லாம. கயிறு இருக்கும், ஆனா அது விழுந்தா தாங்குறதுக்கு மட்டும்தான், அதப் பிடிச்சு ஒரு இன்ச் கூட மேல போகக் கூடாது.

கலிஃபோர்னியாவுல யோசெமிட்டி பள்ளத்தாக்குல எல் கேப்பிடன்னு கிட்டத்தட்ட 900 மீட்டர் உயர ஒத்தப் பாறை இருக்கு. அதுல நோஸ்ங்கிற பாதைய 1958ல வாரன் ஹார்டிங் கூட்டம் ஆணி அடிச்சு அடிச்சுத்தான் ஏறி முடிச்சாங்க. அதே பாதைய 1993ல லின் ஹில் ஃப்ரீயா ஏறினாங்க, கயிறோடதான். 2015 ஜனவரில டாமி கால்ட்வெல்லும் கெவின் ஜார்ஜசனும் பக்கத்துல இருக்குற டான் வால்ல 19 நாள் இருந்து ஏறினப்ப ஃப்ரீ க்ளைம்பிங்னு வந்த செய்திய பாத்துட்டு "கயிறே இல்லாமயா"ன்னு வாயப் பொளந்தவங்க எத்தன பேரு! அவங்க கயிறு கட்டித்தான் ஏறினாங்க. ஃப்ரீங்கிற சொல்ல வச்சு கயிறு இருக்கா இல்லையான்னு சொல்லவே முடியாது, கயித்தக் கழட்டுறது பின்னாடி வர்ற "சோலோ".

இந்த ஃப்ரீ சமாச்சாரம் அமெரிக்காக்காரன் கண்டுபிடிச்சதுன்னு நெனச்சிட்டு இருந்தா, அதுவும் இல்ல. ஜெர்மனில சாக்சனி பக்கம் எல்ப் ஆத்தங்கரையில மணல்கல் தூண்கள் வரிசையா நிக்கும். 1864ல அங்க ஃபால்கன்ஸ்டைன்ங்கிற தூண உள்ளூர் ஜிம்னாஸ்டிக்ஸ் பசங்க ஏணியெல்லாம் வச்சு ஏறினாங்க, பத்து வருஷம் கழிச்சு 1874ல மோன்க்ஸ்டைன்ங்கிற தூண அந்த மாதிரி ஒத்தாசை எதுவும் இல்லாம ஏறினாங்க. 1913ல ருடால்ஃப் ஃபேர்மான்ங்கிறவர் இதையே விதியா எழுதி வச்சாரு. அந்தப் பக்கம் இன்னைக்கும் ரொம்ப கறார், மணல்கல்லு தேஞ்சிரும்னு சாக் பவுடர் கூடத் தடை, இரும்பு கருவிய இடுக்குல சொருகக் கூடாது, கயித்து முடிச்சத்தான் சொருகணும்.

அதே காலத்துல ஆஸ்திரியாவுல பால் ப்ராய்ஸ்னு ஒருத்தர், 1886ல பிறந்தவர். 1911ல ஆணி அடிக்கிறது தப்புன்னு ஒரு கட்டுரை எழுதி ஆல்ப்ஸ் மலைக்காரங்க எல்லாரையும் சண்டைக்கு இழுத்தாரு, டீட்டா பியாட்ஸ், ஹான்ஸ் ட்யூல்ஃபர் மாதிரி பெரிய தலைங்களே எதிர்த்து நின்னாங்க. "ஆணிச் சண்ட"ன்னே அதுக்கு ஜெர்மன்ல பேரு. ப்ராய்ஸ் சொன்னதுல எனக்கு ரொம்ப பிடிச்சது, எத உன்னால இறங்க முடியுமோ அத மட்டும் ஏறுங்கிறது. சொன்னதோட நிக்கல, அதே 1911 ஜூலைல இத்தாலி பக்கம் டோலமைட்ஸ்ல காம்பனிலே பாஸ்ஸோவோட கிழக்கு முகத்த, அதுவரைக்கும் யாருமே ஏறாதத, கயிறில்லாம தனியா ஏறி, ஏறின மாதிரியே இறங்கியும் வந்தாரு. 1913 அக்டோபர்ல இன்னொரு மலையில தனியா ஏறும்போது விழுந்து செத்துப் போனாரு, வயசு 27.

"சோலோ" நமக்குப் புதுசில்ல, சோலோ ட்ரிப், சோலோ ஹீரோன்னு தினம் புழங்குறதுதான். லத்தீன்ல சோலுஸ்னா தனியாள், அது இத்தாலியன்ல சோலோ ஆகி, பாட்டு கச்சேரி வழியா இங்கிலீஷுக்கு வந்துச்சு. ஆனா தனியா ஏறினா எல்லாம் ஃப்ரீ சோலோ கிடையாது. தனியா போயி, தன் கயித்த தானே ஒரு கருவில பூட்டி ஏறுறவங்க உண்டு, அது ரோப் சோலோ. கடலுக்கு மேல நிக்கிற பாறையில கயிறில்லாம ஏறி விழுந்தா தண்ணியில விழுறது டீப் வாட்டர் சோலோ, ஸ்பெயின்ல மயோர்கா தீவு அதுக்குப் பேர் போனது. பனியில கோடாலி கொத்தி ஏறுற மெஸ்னர், ஊலி ஸ்டெக் எல்லாம் தனிக் கணக்கு, அவங்களயும் இதுலயே சேத்து பேசுறதாலதான் சண்ட முடியவே மாட்டேங்குது. பிரெஞ்சுக்காரங்க இந்தத் தொல்லையே வேணாம்னு "சோலோ இன்டெக்ரால்", அதாவது முழு சோலோன்னு வச்சிருக்காங்க. பிரிட்டன்ல வெறும் சோலோன்னாலே கயிறில்லன்னுதான் அர்த்தம்.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? "சுதந்திரத் தனி ஏற்றம்", "இலவச ஏற்றம்" ரெண்டையும் குப்பையில போட்டுருங்க, அது டிக்ஷ்னரிய பாத்து வார்த்தைக்கு வார்த்தை ஒட்டினது. "மலையேற்றம்"னு போட்டா வெள்ளியங்கிரி, பர்வதமலை போறதுதான் ஞாபகம் வரும், இங்க தேவை பாறையேற்றம். "கட்டற்ற"ன்னு ஒன்னு இருக்கு, கட்டற்ற மென்பொருள்னு ஏற்கனவே நல்லா ஒட்டிக்கிச்சு, ஆனா இங்க அது கால வாரி விட்டுரும், ஏன்னா கட்டுன்னாலே கட்டுறது, கயிறு கட்டி ஏறுறவன கட்டற்ற ஏற்றம் ஏறுறான்னு சொன்னா சிரிப்பாங்க. வேடிக்கை என்னன்னா ஃப்ரீ க்ளைம்பிங்குக்குப் பொருந்தாத அந்தச் சொல்லு ஃப்ரீ சோலோவுக்கு அட்டகாசமா பொருந்துது.

எய்ட் க்ளைம்பிங்குக்கு நம்மகிட்ட பழைய சொல்லே இருக்குங்கறது என் கட்சி. மால்பு. மலையில தேன் எடுக்க, மூங்கில்ல கணு கணுவா கால் வைக்க இடம் விட்டு செஞ்ச கண்ணேணிக்கு சங்க காலத்துப் பேரு அது. குறுந்தொகையில ஒரு பாட்டு வருது, தேனுக்கு ஆசப்பட்டு பழைய மால்புன்னு தெரியாம அதுல கால் வச்சு ஏறின மடையன உவமையா சொல்லுவாங்க. யோசெமிட்டில யாரோ எப்பவோ அடிச்சிட்டுப் போன துருப்பிடிச்ச ஆணிய நம்பி தொங்குறவனுக்கும் இவனுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல. அதனால எய்ட் க்ளைம்பிங் மால்பேற்றம், ஃப்ரீ க்ளைம்பிங் கைகாலேற்றம், ஃப்ரீ சோலோ கயிறில்லா ஏற்றம். "தனி"ய வேணும்னேதான் விட்டேன், ரெண்டு பேரு பக்கத்துல பக்கத்துல கயிறில்லாம ஏறினாலும் சோலோன்னுதான் சொல்றாங்க, அங்க ஆளு எண்ணிக்கை முக்கியம் இல்ல. கட்டுரை நடையில வேணும்னா கட்டற்ற பாறையேற்றம்னு எழுதிக்கலாம், பேசும்போது "கயிறில்லாம ஏறினான்"னு சொன்னா பாட்டிக்கும் புரியும். குட்டிப் பாறையில மெத்தை போட்டு ஏறுற போல்டரிங்கும் கயிறில்லாததுதானேன்னு ஒருத்தர் மடக்குவாரு. ஆமா, மெத்தை காப்பாத்தாத உயரம் வந்தா அது கயிறில்லா ஏற்றம், அந்த உயரம் எத்தன அடின்னு யாரும் கோடு போடல.

இப்ப ஆளுங்க. ஹொனால்ட் செஞ்சது என்னன்னா, 2017 ஜூன் 3, எல் கேப்பிடன்ல ஃப்ரீரைடர்ங்கிற பாதைய 3 மணி 56 நிமிஷத்துல கயிறில்லாம ஏறினாரு. பிடி எவ்வளவு கஷ்டம்னு சொல்ற அமெரிக்க அளவுல அது 5.13ஏ வரைக்கும் போகும், அதுவும் தரையிலருந்து எக்கச்சக்க உயரத்துல. அதுக்கு முன்னாடி கயிறு கட்டிக்கிட்டு திரும்பத் திரும்ப ஏறி ஒவ்வொரு பிடியயும் மனப்பாடம் பண்ணாரு, 2016 நவம்பர்ல ஆரம்பிச்சு பாதியில வேணாம்னு இறங்கவும் செஞ்சாரு. கேமராக்காரங்க பக்கத்துலயே தொங்கினாங்க. இதச் சொல்லி "ரிகர்சல் பண்ணி நடிச்சது"ன்னு கிண்டல் பண்றவங்கள நான் ஏத்துக்க மாட்டேன், மனப்பாடம் பண்ணினா உயிர் பயம் போயிருமா என்ன? அந்த உயரத்துல அந்தக் கஷ்டத்துல வேற யாரும் கயிறில்லாம போனதில்ல, அதுல விவாதத்துக்கே இடம் இல்ல.

ஆனா "ஃப்ரீ" பக்கத்த, அதாவது கஷ்டத்த மட்டும் அளவா வச்சா ஹொனால்ட் முதல்ல வரமாட்டாரு. அலெக்சாண்டர் ஹூபர் 2004லயே ஆஸ்திரியாவுல கம்யூனிஸ்ட்ங்கிற பாதைய கயிறில்லாம ஏறிட்டாரு, பிரெஞ்சு அளவுல 8பி பிளஸ், ஃப்ரீரைடர விட பிடி ரொம்பக் கஷ்டம், ஆனா உயரம் இருபது மீட்டர் சொச்சம்தான். வொல்ஃப்காங் க்யூலிச் 1986ல யோசெமிட்டில செபரேட் ரியாலிட்டிங்கிற கூரை விரிசல்ல தலைகீழா தொங்கிப் போனதும் இந்த மாதிரி குட்டிப் பாதைதான், ஆனா கஷ்டம் ஃப்ரீரைடர விட கம்மி, அந்த போட்டோவ பாக்காத க்ளைம்பர் இருக்க மாட்டாங்க.

"சோலோ" பக்கத்த அளவா வச்சா லிஸ்டே வேற. பீட்டர் க்ராஃப்ட்னு ஒரு கனடாக்காரர், 1987ல யோசெமிட்டில ஆஸ்ட்ரோமேன், ராஸ்ட்ரம்னு ரெண்டு பெரிய பாதைய ஒரே நாள்ல கயிறில்லாம முடிச்சிட்டு சத்தமே இல்லாம போயிட்டாரு. ஜான் பாக்கர் அதுக்கு நேர் எதிர், 1981ல "ஒரு நாள் முழுக்க என் பின்னாடி கயிறில்லாம வந்தா 10,000 டாலர்"னு நோட்டீஸே ஒட்டினாரு, ஒருத்தரும் வரல. 2009ல கயிறில்லாம ஏறும்போதுதான் விழுந்து இறந்தாரு, அப்ப வயசு 52. மார்க்-ஆந்த்ரே லெக்லெர்க்னு இன்னொரு கனடாப் பையன், தன்னப் படம் எடுக்க வந்த டீமுக்கே சொல்லாம போயி ஏறிட்டு வந்தவன், கூட ஒருத்தன் இருந்தா அது எனக்கு சோலோவே இல்லங்கற மாதிரி. 2018ல அலாஸ்கா மலையில இறந்துட்டான்.

நம்ம ஊர் தொடர்பு ஒன்னும் இருக்கு. கர்நாடகாவுல சித்ரதுர்கா கோட்டைச் சுவர்ல வெறுங்கையோட ஏறுற ஜோதிராஜ் தேனி மாவட்டத்துல பிறந்தவர். அவர இந்த லிஸ்ட்ல சேக்கலாமான்னு கேட்டா, அவர் செய்யறது சந்தேகமே இல்லாம கயிறில்லா ஏற்றம், ஆனா பிடி எவ்வளவு கஷ்டம்னு அளந்து எழுதி வைக்காததால ஹூபரோட ஒப்பிட வழியில்ல. பில்டிங் ஏறுற அலென் ராபர்ட்டுக்கும் இதே சிக்கல்தான், கண்ணாடிக்கும் பாறைக்கும் ஒரே அளவுகோல் கிடையாது, அதோட 2011ல புர்ஜ் கலீஃபாவ அவர் ஏறினப்ப பாதுகாப்புக் கயிறு கட்டியிருந்தாரு.

என் முதல் இடம் ஹான்ஸ்யோர்க் ஆவருக்கு. அவர்னு எழுதினா படிக்கிறவங்க எவர்னு கேப்பாங்கன்னு ஆவர்னு எழுதுறேன். 2007 ஏப்ரல்ல இத்தாலில மர்மோலாடாவோட தெற்குச் சுவர்ல மீன்னு கூப்பிடுற பாதை, சுமார் 850 மீட்டர், பிரெஞ்சு அளவுல 7பி பிளஸ், கயிறில்லாம 2 மணி 55 நிமிஷத்துல முடிச்சாரு. அப்ப ஆள யாருக்கும் தெரியாது, ஸ்கூல் வாத்தியார். சில வருஷம் முன்னாடி ஒரே ஒரு தடவ ஏறின பாதை, முந்தின நாள் மேலருந்து கயித்துல இறங்கி ஒரு பார்வை பாத்ததோட சரி. கேமரா இல்ல, வேடிக்க பாக்க ஆளு இல்ல. கஷ்டத்துல ஹொனால்ட விட ரெண்டு மூணு படி கம்மிதான், ஒத்துக்குறேன், ஆனா மனப்பாடம் பண்ணாத பாதையில அவ்வளவு நீளத்துக்குப் போறது வேற வகை தைரியம். அடுத்து ஹொனால்ட், அப்புறம் ப்ராய்ஸ், க்ராஃப்ட், பாக்கர். ப்ராய்ஸ் போன பாதைய இன்னைக்கு சுமாரா ஏறுறவங்க கூட கயிறு கட்டி முடிச்சிடுவாங்களேன்னு கேக்காதீங்க, அந்த மனுஷன் ரப்பர் ஷூ வர்றதுக்கு முன்னாடி, முன்ன யாரும் போகாத சுவர்ல போனவரு, அதுவும் அதே வழியா இறங்கி வந்தவரு.