பெயர் மறந்தது, மெட்டு மறக்கவில்லை

1980களில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒரு கோடை இரவு. கால்பந்து மைதானத்தின் படி இருக்கையில் ஒரு சிறுவன் உட்கார்ந்திருக்கிறான். கீழே சீருடையில் நிற்கும் குழு சட்டென்று அவன் பக்கம் திரும்புகிறது. அத்தனை பித்தளைக் குழல்களும் ஒரே நொடியில் முழங்குகின்றன, உடம்பு சிலிர்க்கிறது. நாற்பது ஆண்டுகள் கழித்து அந்த முழக்கத்திலிருந்து எட்டுப் பத்துச் சுரங்கள்தான் அவரிடம் மிச்சம். எந்தக் குழு, எந்த ஆண்டு, என்ன பாட்டு, எதுவும் நினைவில்லை. அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியுமா? பெரும்பாலும் முடியும். எப்படி என்று பார்ப்போம்.

இந்தக் கலைக்கு டிரம் கோர் என்று பெயர். முன்னாள் படைவீரர் சங்கங்கள் வளர்த்த பியூகிள் (பித்தளை ஊதுகொம்பு), முரசுக் குழுக்களிலிருந்து பிறந்தது. டிரம் கோர் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு 1972-இல் தன் முதல் சாம்பியன் போட்டியை நடத்தியது. அந்நாளில் பித்தளைக் குழல்கள், தாளக் கருவிகள், கொடி வீசும் அணி, இவ்வளவுதான்; கிளாரினெட்டோ புல்லாங்குழலோ கிடையாது. வாசிக்கும் பாட்டுகள் பெரும்பாலும் சிம்பொனியிலிருந்தோ ஜாஸிலிருந்தோ இசை நாடகத்திலிருந்தோ எடுத்தவை. அவற்றை வெட்டி, இணைத்து, குழல்களுக்கும் முரசுகளுக்கும் பங்கிட்டு எழுதுவதே இசைக்கோர்ப்பு. தேடுபவர் ஏங்குவது மூலப்பாட்டுக்காக அல்ல, அந்தக் கோர்ப்புக்காக. தேடலைக் கடினமாக்குவதும் அதுவே.

கைபேசியில், பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் ஷசாம் செயலியைத் திறந்து முணுமுணுத்தால் பயன் இருக்காது. அது ஒலியின் அதிர்வெண் வரைபடத்தில் உரக்கத் தெரியும் புள்ளிகளை மட்டும் எடுத்து, அவற்றை இரண்டிரண்டாக இணைத்து, கைரேகைபோலச் சேமித்து வைக்கிறது. அந்தக் கைரேகை ஒரு குறிப்பிட்ட ஒலிப்பதிவுக்கு உரியது. அதே பாட்டை அதே பாடகர் மறுநாள் மேடையில் பாடினாலே பொருந்தாது. 2020-இல் கூகுள் கொண்டுவந்த முணுமுணுப்புத் தேடல் வேறு வகை. குரலின் நிறத்தையும் பின்னணிக் கருவிகளையும் கழித்துவிட்டு, மெட்டின் ஓட்டத்தை மட்டும் ஒப்பிட அது பழக்கப்பட்டிருக்கிறது. மைதானத்தில் கேட்ட கோர்ப்பை அது காட்டாவிட்டாலும் மூலப்பாட்டைக் காட்ட வாய்ப்பு உண்டு. பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

நம் மூளையும் ஏறக்குறைய அப்படித்தான் மெட்டைச் சேமிக்கிறது. ஒவ்வொரு சுரத்தின் அதிர்வெண்ணையும்விட, மெட்டு எங்கே ஏறியது, எங்கே இறங்கியது என்ற வடிவமும், சுரங்களுக்கு இடையிலான தூரமும் ஆழப் பதிகின்றன. அதனால்தான் சுருதி மாற்றிப் பாடினாலும் பாட்டு அதே பாட்டாக இருக்கிறது. டெனிஸ் பார்சன்ஸ் 1975-இல் வெளியிட்ட மெட்டு அகராதி முழுக்க இந்த ஓர் உண்மையின் மீது நிற்கிறது. முதல் சுரத்துக்கு ஒரு நட்சத்திரக் குறி. அடுத்த சுரம் ஏறினால் ஓர் எழுத்து, இறங்கினால் ஓர் எழுத்து, அதே சுரம் திரும்பினால் ஓர் எழுத்து. தமிழில் மே, கீ, அ என்று வைத்துக்கொள்ளலாம். பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியின் தொடக்கம் இப்படி வரும்: நட்சத்திரம், அ, அ, கீ, மே, அ, அ, கீ. சுரம் எழுதத் தெரியாதவரும் எழுதிவிடலாம்.

ஆனால் டிரம் கோர் கோர்ப்பாளர் மெட்டை ஒரே கருவியிடம் விட்டுவைப்பதில்லை. இரண்டு சுரம் மேலே சோப்ரானோ பியூகிளுக்கு, அடுத்தது இடையில் பாரிடோனுக்கு, முடிவு கீழே கான்ட்ராபாஸுக்கு என்று தாண்டிப் போகும். இது காதை என்ன செய்யும் என்பதை உளவியலாளர் டயானா டாய்ச் 1972-இல் காட்டினார். அமெரிக்காவில் எல்லோருக்கும் தெரிந்த ‘யாங்கி டூடுல்’ மெட்டின் ஒவ்வொரு சுரத்தையும் கண்டபடி வெவ்வேறு ஸ்தாயிக்கு மாற்றி ஒலிக்கவைத்தார். சுரப்பெயர் மாறவில்லை, ஆனால் கேட்டவர்களால் பாட்டைக் கண்டுகொள்ள முடியவில்லை. பாட்டின் பெயரைச் சொன்ன பிறகோ, மெட்டைப் பின்தொடர முடிந்தது. பழைய இசைத்தட்டைக் கேட்டு ‘இது இல்லை’ என்று ஒதுக்கியவர், பெயர் தெரிந்ததும் ‘இதேதான்’ என்று நிமிர்ந்து உட்காருவது இதனால்தான். இதில் ஆபத்தும் இருக்கிறது: பெயர் காதில் விழுந்துவிட்டால் இல்லாத மெட்டும் கேட்கும். ஆகவே எந்தப் பதிவையும் கேட்பதற்கு முன்பே, நினைவில் இருப்பதைக் காகிதத்தில் எழுதிவிட வேண்டும். இந்த ஒரு விதியை நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

அடுத்து ஆண்டு. இங்கே கருவிகளே சாட்சி சொல்லும். டிரம் கோர் பியூகிள்கள் நெடுங்காலம் ‘ஜி’ சுருதியில் இருந்தன. 1977-இல் இரண்டு வால்வுகளுக்கும் (சுரம் மாற்ற விரலால் அழுத்தும் விசைகள்) 1990-இல் மூன்று வால்வுகளுக்கும் அனுமதி கிடைத்தது. 2000-இல் எந்தச் சுருதிக் குழலும் வரலாம் என்றானது. 2004-இல் ஒலிபெருக்கி வந்தது, 2009-இல் மின்னணுக் கருவிகள் வந்தன. சிந்தசைசரின் உறுமல் நினைவிருந்தால் 2009-க்கு முன்பு தேட வேண்டியதில்லை. டிம்பனி முரசுகளைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார்களா? அப்படியானால் 1970கள் பக்கம் போங்கள். கிளாரினெட் நினைவிருந்தால் அது டிரம் கோரே இல்லை, ஏதோ ஒரு பள்ளி அல்லது கல்லூரி பேண்டு.

கையில் பழைய கேசட் இருந்தால், சுருதியை மட்டும் அப்படியே நம்பிவிடக் கூடாது. நாடா ஆறு விழுக்காடு வேகமாக ஓடினால் இசை முழுதும் அரைச்சுரம் ஏறிவிடும். விந்தை என்னவென்றால், மனித நினைவு அந்த நாடாவைவிட மோசமில்லை. உளவியலாளர் டேனியல் லெவிட்டின் 1994-இல் 46 பேரைத் தங்களுக்குப் பிடித்த பாட்டுகளை நினைவிலிருந்து பாடச் சொன்னார். 40 விழுக்காட்டினர் குறைந்தது ஒரு முறையாவது அசல் பதிவின் சுருதியிலேயே பாடினார்கள்.

இனி வேறொருவரின் தேடலை முழுதாகப் பார்ப்போம். நினைவில் இருப்பது ம, க, ரி, ச என்று படிப்படியாக இறங்கும் ஸ்பானிய வாசனை. கர்நாடக இசைக் காதுக்குத் தோடியின் கீழ்ப்பாதிச் சுரங்கள். இறுதியில் குழல்களின் காது கிழியும் உச்சம். முதலில் சந்தேகிக்க வேண்டியது கியூபாவின் எர்னெஸ்டோ லெக்குவோனா பியானோவுக்கு எழுதிய ‘மலகேன்யா’. ஆனால் அந்தப் பித்தளை வெறி பியானோவில் இல்லை. அது ஸ்டான் கென்டனின் ஜாஸ் குழுவுக்காக பில் ஹோல்மன் செய்த கோர்ப்பின் வழியாக வந்தது. டிரம் கோர் உலகில் அந்தப் பாட்டோடு ஒட்டிக்கொண்ட பெயர் மேடிசன் ஸ்கவுட்ஸ் என்ற குழு. அவர்கள் அதை வாசித்து 1988-இல் சாம்பியன் ஆனார்கள்.

1996-இலும் அவர்கள் அதே பாட்டை வாசித்தார்கள். இரண்டுமே ஜி பியூகிள் காலம், இரண்டிலும் ஒலிபெருக்கி இல்லை; காகிதத்தில் எழுதிய மே, கீ, அ இரண்டுக்கும் பொருந்தும். இனி காதால் உதவ முடியாது. 1988 இறுதிப்போட்டி கான்சாஸ் சிட்டியில், 1996-இன் போட்டி ஆர்லாண்டோவில். இறுதிப்போட்டிக்குத்தான் போயிருந்தார் என்றால், அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அன்று இரவு அப்பாவின் கார் எந்த ஊரிலிருந்து திரும்பியது?