வில்லி பாட்டை நிறுத்த வேண்டாம்

“இளவரசி பாட்டையெல்லாம் விட்டுட்டு அந்தச் சூனியக்காரி பாட்டையே பாடிட்டு இருக்கா மேடம், ஏதாவது பிரச்சினையா?” குழந்தைகள் மனநல ஆலோசகரான என்னிடம் பெற்றோர் இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கிறார்கள். பிரச்சினை ஒன்றுமில்லை. பிள்ளைக்கு நல்ல ரசனை இருக்கிறது, அவ்வளவுதான்.

அனிமேஷன் படங்களில் நாயகியின் பாட்டு பெரும்பாலும் ஏக்கப் பாட்டு. வில்லனுக்கு ஏக்கமெல்லாம் கிடையாது. என்ன வேண்டும், யாரிடமிருந்து பிடுங்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறான். பாதி பேச்சு, பாதி பாட்டு, நடுவில் ஒரு சிரிப்பு. நாள் முழுக்க ‘கத்தாதே, அடம்பிடிக்காதே’ என்று கேட்டுக்கொண்டிருக்கும் குழந்தைக்கு, குரலைத் தடிக்கவைத்துச் சில நிமிடம் கெட்டவளாக இருந்து பார்ப்பது தனிக் குஷி. யாருக்கும் அடிபடுவதும் இல்லை.

என் அறையில் நான் அதிகம் போட்டுக் காட்டுவது 1989இல் வந்த ‘தி லிட்டில் மெர்மெய்ட்’ படத்தின் ‘புவர் அன்ஃபார்ச்சுனேட் சோல்ஸ்’. மனிதப் பெண்ணாகி இளவரசனைச் சேர ஆசைப்படும் கடல்கன்னி ஏரியலிடம், அவள் குரலையே விலையாகக் கேட்டுக் கடல் சூனியக்காரி அர்சுலா பாடும் பாட்டு. எழுதியவர் ஹோவர்ட் ஆஷ்மன், இசை ஆலன் மென்கென். நியூயார்க் மேடையிலிருந்து டிஸ்னிக்கு வந்தவர்கள். 1982இல் அவர்கள் போட்ட ‘லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்’ நாடகத்தில், ரத்தம் கேட்கும் செடி ஒன்று பூக்கடைப் பையனை ஆசைகாட்டியே மடக்கும். பாட்டு முடியும்போது கதை வேறு இடத்துக்குப் போயிருக்க வேண்டும் என்பது மேடைக்காரர்களின் கணக்கு. இங்கும் அதேதான்: குரலோடு உள்ளே வரும் ஏரியல், குரல் இல்லாமல் வெளியே போகிறாள்.

எப்படிப் பறிபோகிறது என்பதைக் கவனியுங்கள். அப்பா டிரைடன் கோபத்தில் அவள் சேர்த்துவைத்த பொருட்களையெல்லாம் நொறுக்கிவிட்டுப் போகிறார். அவள் தனியாக அழுதுகொண்டிருக்கும் அந்த நேரம் பார்த்துத்தான் அர்சுலாவின் விலாங்குகள் ஆறுதல் சொல்ல வருகின்றன. பிறகு அர்சுலா பாடுகிறாள்: நான் முன்பு கெட்டவள்தான், இப்போது திருந்திவிட்டேன், எத்தனை பேருக்கு உதவியிருக்கிறேன் தெரியுமா? அப்பாவையும் அக்காக்களையும் இனிப் பார்க்க முடியாதே என்று ஏரியல் தயங்கினால், அதான் உனக்கு அவன் கிடைப்பானே என்று பேச்சை மாற்றுகிறாள். விலை என்ன என்பது கடைசியில்தான் வருகிறது. அதற்குள் அவசரம்: எனக்கு நிறைய வேலை இருக்கிறது, சீக்கிரம் கையெழுத்துப் போடு. ஏரியல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போட்டுவிடுகிறாள். கடனைத் திருப்பித் தராதவர்கள் சுருங்கிப்போய் வாசலிலேயே கிடக்கிறார்கள். உள்ளே வரும்போது அவர்களில் ஒருவர் அவள் கையைப் பிடித்து இழுக்கவும் செய்கிறார்.

ஆன்லைன் கேமிலோ இன்ஸ்டாகிராமிலோ முகம் தெரியாத ‘அண்ணா’ ஒருவர் பிள்ளையை வளைக்கும் முறையும் இதுதான். வீட்டில் சண்டை நடந்த அன்று பேச ஆரம்பிப்பார். உங்க அம்மாவுக்கு உன்னைப் புரியாது, எனக்குப் புரியும் என்பார். போட்டோ கேட்பது பிறகு, அதுவும் ‘இப்பவே அனுப்பு’ என்று. இப்படி நம்பவைத்து வளைப்பதற்குப் பெயர் குரூமிங். அது என்ன என்று வகுப்பெடுத்தால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். பாட்டைப் போட்டு, ‘எங்கே உனக்குச் சந்தேகம் வருதோ அங்கே கை தூக்கு’ என்று சொல்லிப் பாருங்கள். முதல் முறை, விலை பேசும் இடத்தில்தான் கை உயரும். அடுத்த முறை ‘நான் திருந்திட்டேன்’ என்ற இடத்திலேயே உயர்ந்துவிடும்.

இதே கதையை மறுபடி எடுத்து 2023இல் வந்த புதிய படத்தில் இந்தப் பாட்டின் சில வரிகளை எடுத்துவிட்டார்கள். அதிகம் பேசும் பெண்ணை ஆண்களுக்குப் பிடிக்காது, வாயை மூடிக்கொள் என்று அர்சுலா ஓதும் பகுதி அது. சிறுமிகள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற எண்ணத்தில் எடுத்ததாக மென்கெனே சொன்னார். நல்லெண்ணம்தான், ஆனால் எனக்கு உடன்பாடில்லை. சொல்வது வில்லி என்று குழந்தைக்குத் தெரியும். பத்து வயதுப் பெண் ஒருத்தி அந்த வரிக்கு, “ஏரியல் பேசினா தான் மாட்டிக்குவோம்னு பயம் அர்சுலாவுக்கு” என்றாள். அதைவிட நான் என்ன விளக்கிவிட முடியும்?

பெற்றோர் நெளிவது வேறொரு பாட்டுக்கு. 2010இல் வந்த ‘டாங்கிள்ட்’ படத்தில் கோதெல் பாடும் ‘மதர் நோஸ் பெஸ்ட்’. ராபன்சல் என்ற பெண்ணைக் குழந்தையிலேயே தூக்கிவந்து, கோபுரத்தில் அடைத்து, தன் மகள் என்று சொல்லி வளர்ப்பவள் இந்தக் கோதெல். வெளியே போனால் திருடன், பாம்பு, விஷச்செடி, கொள்ளைநோய் என்று பயமுறுத்துவாள். நீ அசடு, குண்டாகிக்கொண்டே வருகிறாய் என்று குத்துவாள். எல்லாம் உன் மேல் இருக்கும் பாசத்தால் என்று முடிப்பாள். நம் வீட்டு ‘உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்’ அப்படியே கேட்கும். கோதெலுக்கு வேண்டியது தன்னை இளமையாக வைத்திருக்கும் ராபன்சலின் மாயக் கூந்தல். உங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் ‘குண்டு’ என்ற சொல் குழந்தை மனசில் ஒரே மாதிரிதான் இறங்கும்.

எல்லாப் பாட்டும் எல்லா வயதுக்கும் அல்ல. 1996இல் வந்த ‘தி ஹன்ச்பேக் ஆஃப் நாட்டர்டாம்’ படத்தின் ‘ஹெல்ஃபயர்’, தன் ஆசைக்கு ஒரு பெண் மீதே பழிபோடும் நீதிபதியின் பாட்டு. அதைப் பதின்ம வயதுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டவுடனே பாடம் நடத்த உட்காராதீர்கள். முதலில் கூடச் சேர்ந்து பாடுங்கள், அந்தச் சிரிப்பையும் சிரியுங்கள். கேள்வி பிறகு போதும். அப்படிப் பேசும்போது ‘எனக்கும் ஒருத்தர் இப்படி மெசேஜ் பண்ணாங்க’ என்று பிள்ளை சொன்னால் போனைப் பிடுங்காதீர்கள், ‘ஏன் முன்னாடியே சொல்லலை’ என்று கேட்காதீர்கள். மெசேஜ்களை அழிக்காமல் வைத்திருங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை.