உப்புக்காற்று தின்ற ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள்
பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் பரணில் கிடந்த பழைய கம்ப்யூட்டரை இறக்கி ஆன் செய்தால் பெரும்பாலும் உயிர் வராது. ரயில் பாலத்து இரும்பையே அரிக்கிற காற்று, சர்க்யூட் போர்டை மட்டும் விட்டுவைக்குமா? ஆனால் கம்ப்யூட்டர் போனதோடு கல்யாணப் படங்களும் போயிற்று என்று முடிவுகட்டி, காயலான் கடையில் போட்டுவிடுகிறார்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

படங்கள் இருப்பது ஹார்ட் டிஸ்க்குக்கு உள்ளே, அலுமினியம் அல்லது கண்ணாடித் தட்டின் காந்தப் பூச்சில். தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுற்றும்போது, படிக்கிற முனை அதைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும். ஒரு தூசி போதும், கீறிவிடும். அதனால் மூடியை மட்டும் கழற்றவே கழற்றாதீர்கள்.

உப்பு முதலில் பிடிப்பது அடிப்பக்கம் வெளியே தெரிகிற பச்சை போர்டைத்தான். நட்சத்திர வடிவத் திருகுகளைக் கழற்றி போர்டைத் திருப்பினால், உள்ளேயிருந்து வரும் பின்கள் தொடும் இடங்கள் கறுத்துப் போயிருக்கும். பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். சில டிஸ்க்குகள் இதற்கே எழுந்துவிடும். போர்டு கருகியிருந்தால், அதே மாடல் போர்டை வாங்கி மாட்டுவது மட்டும் பல டிஸ்க்குகளில் போதாது, ஏனென்றால் அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் போர்டிலுள்ள சிறு சிப்பில் இருக்கும், பழைய போர்டிலிருந்து அதையும் எடுத்துப் புது போர்டில் பற்றவைக்க வேண்டும்.

'டக் டக்' என்று சத்தம் வந்தால் உடனே கரண்டை நிறுத்துங்கள். முனை கெட்டிருக்கலாம்; தூசியில்லாத அறை வைத்திருக்கும் ஆய்வகத்தில்தான் கொடுக்க வேண்டும்.

சரி, ஓடுகிறது என்றால்? அதிலிருந்தே விண்டோஸைத் திறக்காமல், யூஎஸ்பி அடாப்டரில் இன்னொரு கம்ப்யூட்டரோடு இணைத்து, 'டிடிரெஸ்க்யூ' என்ற இலவச மென்பொருளால் முழு டிஸ்க்கையும் முதலில் நகலெடுங்கள். அது நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்கு அப்புறம் திரும்பி வரும். மற்ற வேலையெல்லாம் நகலில்தான்.

அழித்த படங்களைக்கூடத் தேடலாம். டெலீட் செய்தால் பெயர்ப் பதிவுதான் நீங்குகிறது. அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை படம் அங்கேயே கிடக்கும். ஜேபெக் என்ற வழக்கமான போட்டோ கோப்பு வகையில் உள்ள படம் எல்லாமே 255, 216, 255 என்ற எண்களோடுதான் தொடங்கும். 'போட்டோரெக்' என்ற மென்பொருள் அந்த அடையாளத்தைத் தேடித்தான் படங்களைப் பொறுக்குகிறது. பழைய கோப்புப் பெயர்கள் திரும்பாது, துண்டு துண்டாகச் சிதறிய படங்கள் பாதியாக வரலாம்.

சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கும் எஸ்எஸ்டிக்கு, அழித்ததை மீட்கும் இந்த வழியை நம்பாதீர்கள். எந்த இடம் இனி தேவையில்லை என்று கம்ப்யூட்டர் அதற்குச் சொல்லும் 'டிரிம்' வசதி வேலை செய்தால், அழித்ததை அதுவே சீக்கிரம் துடைத்துவிடும்.