ஸ்வயம், திக்‌ஷா: பாடத்துக்குக் காசு இல்லை, பரீட்சைக்கு மட்டும்தான்

தண்டையார்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரில் அக்கா மகளிடம் 200 ரூபாய் கேட்டிருக்கிறார்கள். ஸ்வயத்தில் பெயர் பதிந்து தருவதற்காம். அதற்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது. மெயில் ஐடி இருந்தால் போனிலேயே ஐந்து நிமிட வேலை.

ஸ்வயம் என்பது மத்தியக் கல்வி அமைச்சகம் 2017 ஜூலையில் தொடங்கிய இணையவழி வகுப்புத் தளம். வயது வரம்பு இல்லை, கல்லூரியில் படித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதும் இல்லை. வீடியோ, பாடக் குறிப்பு, அசைன்மென்ட் எல்லாமே இலவசம். சர்டிஃபிகேட் வேண்டும் என்றால்தான் பரீட்சைக் கட்டணம். ஸ்வயத்தில் ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் என்ற பிரிவின் பாடங்களுக்கு, பாடம் ஒன்றுக்கு 1000 ரூபாய். பரீட்சையை வீட்டிலிருந்து எழுத முடியாது, மையத்துக்கு நேரில் போக வேண்டும்.

பலர் கோட்டை விடுவது பரீட்சையில் அல்ல, அசைன்மென்ட்டில். என்பிடெல்லில் அசைன்மென்ட்டுக்கு 25, பரீட்சைக்கு 75. முதலாவதில் 10, இரண்டாவதில் 30 எடுத்தாக வேண்டும். 12 வாரப் பாடத்தில் வாரத்துக்கு ஒன்றாக வரும் அசைன்மென்ட்டுகளில் நன்றாகச் செய்த 8-ஐத்தான் கணக்கில் எடுப்பார்கள். ஆக, 'அப்புறம் பார்க்கலாம்' என்று நாலு வாரம் விட்டாலும் தப்பிக்கலாம். ஐந்தாவது வாரத்தையும் விட்டால் மார்க் குறையும்.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு இன்னொன்று. ஒரு செமஸ்டர் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயத்தில் படித்து கிரெடிட் வாங்கலாம் என்று 2021-இல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி வந்தது. ஆனால் எந்தப் பாடத்தை ஏற்பது என்று முடிவு செய்வது உங்கள் கல்லூரி. 1000 ரூபாய் கட்டும் முன்பே துறைத் தலைவரிடம் கேட்டுவிடுங்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு திக்‌ஷா ஆப். தமிழ்நாட்டுப் பாடநூலில் இருக்கும் க்யூஆர் கோடை அதில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோ வரும். லாகின் கட்டாயமில்லை. காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே போன் இருக்கும் வீடுகள் உண்டு. அவர்களுக்கு முக்கியமானது டவுன்லோடு. வைஃபை கிடைக்கும் இடத்தில் இறக்கி வைத்துக்கொண்டால் டேட்டா இல்லாமலே பார்க்கலாம், இன்னொரு போனுக்கு ஃபைலாகவும் அனுப்பலாம். திக்‌ஷாவுக்கு அடியில் இருப்பது சன்பேர்ட் என்ற கட்டற்ற மென்பொருள். அதன் நிரல் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. யாரும் எடுத்துத் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். 'இலவசம்' என்றால் காசு இல்லை, அவ்வளவுதான். 'கட்டற்றது' என்றால் இந்த உரிமையும் சேர்ந்தது.

சரி, படிக்கக் கம்ப்யூட்டர்? 2011 முதல் அரசு கொடுத்த பழைய லேப்டாப் ஏதாவது பரணில் கிடக்கிறதா பாருங்கள். விண்டோஸுடன், அதைப் போலவே கம்ப்யூட்டரை இயக்கும் கட்டற்ற மென்பொருளான லினக்ஸில் 'பாஸ்' என்ற வகையையும் போட்டுக் கொடுத்தார்கள். அது மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவானது. முக்கால்வாசிப் பேர் அதைத் திறந்தே பார்க்கவில்லை, நானும்தான். லேசான லினக்ஸ் ஒன்றைப் போட்டால் வீடியோ பார்க்க, டைப் செய்ய அந்த லேப்டாப்பே போதும். கடிதம், கணக்கு அட்டவணை தயாரிக்க பிளஸ் ஒன் கணினிப் பாடத்தில் வரும் ஓப்பன் ஆபீஸுக்கும் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸுக்கும் மெனுவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் என்ற இணையதளம் லிப்ரே ஆபீஸைத் தமிழ்க் குரலில், சுமார் பத்து நிமிட வீடியோக்களாகச் சொல்லித் தருகிறது. திரையின் ஒரு பாதியில் வீடியோ, மறு பாதியில் லிப்ரே ஆபீஸ். நிறுத்தி நிறுத்தி, கூடவே செய்து பார்க்க வேண்டும்.