அமைச்சர் மீதே புகார் என்றால்? ஊழலை அம்பலப்படுத்தும் அரசு ஊழியருக்குச் சட்டம் தரும் காப்பு

ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறீர்கள். டெண்டர் கோப்பு உங்கள் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். குறைந்த விலை கேட்டவரை ஏதோ காரணம் காட்டித் தள்ளிவிட்டு, இன்னொருவருக்கு வேலையைக் கொடுக்கும்படி மேலிடத்திலிருந்து வாய்மொழி உத்தரவு வருகிறது. மேலே இருப்பவர் எதிலும் கையெழுத்துப் போடமாட்டார், எல்லாக் கையெழுத்தும் கீழே இருப்பவர்களுடையதுதான். இதை யாரிடம் சொல்வது? சொன்னால் வேலை நிலைக்குமா, உயிர் நிலைக்குமா?

இப்படித் தவிக்கும் ஒருவரிடம் நான் முதலில் பேசுவது உறையைப் பற்றித்தான். கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் இன்று இந்தியாவில் உங்கள் பெயரை மறைப்பதற்கென்றே உள்ள முக்கியமான ஏற்பாடு அந்த உறையிலிருந்துதான் தொடங்குகிறது.

பொதுநல வெளிப்படுத்தல் மற்றும் தகவல் தருவோர் பாதுகாப்புத் தீர்மானம் என்பது அதன் முழுப் பெயர். அலுவலகங்களில் சுருக்கமாக பிஐடிபிஐ என்பார்கள். மத்திய அரசு 2004 ஏப்ரல் 21 அன்று பிறப்பித்தது. இதன்படி யார் வேண்டுமானாலும் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு எழுதலாம், அரசு ஊழியராக இருக்க வேண்டும் என்பதில்லை. புகாரை நன்றாக மூடி ஒட்டிய உறையில் வைத்து, ஆணையச் செயலாளர் பெயருக்கு அனுப்ப வேண்டும். உறையின் மேல் பிஐடிபிஐ புகார் என்று தெளிவாக எழுத வேண்டும். அனுப்புநர் பெயரை மட்டும் உறையில் எழுதவே கூடாது. தபால் அலுவலகத்தில் அனுப்புநர் யார் என்று கேட்டு அடம்பிடிக்கக் கூடாது என்று அஞ்சல் துறையே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. கவுன்டரில் தகராறு வந்தால் அதைச் சொல்லுங்கள்.

உறைக்குள்ளே கட்டாயம் பெயரும் முகவரியும் வேண்டும். மொட்டைக் கடிதத்தை ஆணையம் இந்தத் தீர்மானத்தின்கீழ் எடுத்துக்கொள்ளாது. பெயரைக் கடிதத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ தனித் தாளிலோ எழுதிவிட்டு, புகார் வாசகத்தில் உங்களைக் காட்டிக்கொடுக்கும் ஒரு சொல்கூட இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். "நான் பலமுறை ஆட்சேபம் எழுதியும்" என்று ஒரு வரி போதும். அந்தக் கோப்பில் ஆட்சேபம் எழுதியவர் ஒரே ஒருவர் என்றால் பெயரே எழுதிய மாதிரிதான். மின்னஞ்சலிலும் அனுப்பக் கூடாது. புகார் வந்து சேர்ந்ததாக ஒப்புகை வராது. எழுதியது நீங்கள்தானா, இதே புகாரை வேறெங்கும் அனுப்பவில்லையா என்று உறுதிசெய்யச் சொல்லி ஆணையத்திடமிருந்து ஒரு கடிதம் வரும். அதற்குக் கட்டாயம் பதில் போட வேண்டும்.

இவ்வளவு கெடுபிடிக்குக் காரணம் சத்யேந்திர துபே. தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில் பொறியாளராக இருந்தவர். தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் நடந்த முறைகேடுகளை 2002-இல் பிரதமருக்கு எழுதினார். என் பெயரை வெளியில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கடிதமோ அவர் பெயரோடு துறை துறையாகச் சுற்றியது. 2003 நவம்பர் 27 அதிகாலை கயாவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அது வழிப்பறிக் கொலை என்றது சிபிஐ. அதை நம்பாதவர்கள் பலர். எது எப்படியோ, மறைக்கச் சொன்ன பெயரை அரசு மறைக்கவில்லை. அந்தச் சாவுக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் தலையிட்டதால்தான் 2004 தீர்மானம் வந்தது.

தீர்மானத்தின் எல்லை குறுகலானது. மத்திய அரசு ஊழியர்கள், மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் போன்றவற்றோடு அது முடிந்துவிடும். மாநில அரசு ஊழியர் மீதான புகார் இதில் சேராது, அமைச்சர் மீதான புகாரும் சேராது. புகார் செய்ததற்காகப் பழிவாங்கினால் ஆணையத்திடம் முறையிடலாம். ஆனால் உங்கள் பெயரைக் கசியவிட்டவரைச் சிறைக்கு அனுப்ப இதில் இடமில்லை, ஏனென்றால் இது சட்டமல்ல.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். ஊழலை அம்பலப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம், 2014. மக்களவையில் 2011 டிசம்பரிலும் மாநிலங்களவையில் 2014 பிப்ரவரியிலும் நிறைவேறி, 2014 மே 9 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. புகார்தாரர் பெயரை வெளியிட்டால் 3 ஆண்டு வரை சிறை, ரூ.50,000 வரை அபராதம். பழிவாங்கவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பை அது நிர்வாகத்தின் தலையில் வைத்தது. மாநில ஊழியர்களையும் அமைச்சர்களையும்கூட உள்ளே கொண்டுவந்தது. எல்லாம் நல்ல ஷரத்துகள். ஆனால் சட்டம் என்று முதல் அமலுக்கு வரும் என்ற அறிவிக்கையை மட்டும் அரசு வெளியிடவே இல்லை. 2015-இல் ஒரு திருத்த மசோதாவை மக்களவை நிறைவேற்றியது. அலுவல் ரகசியச் சட்டத்தின் பிடியிலிருந்து புகார்தாரருக்குக் கிடைத்திருந்த விலக்கை அது பறிக்கப் பார்த்தது. 2019-இல் மக்களவை கலைந்தபோது அந்த மசோதா காலாவதியானது. சட்டம் இன்னும் புத்தகத்திலேயே தூங்குகிறது. ஒரு பொறியாளரின் உயிரைக் கொடுத்துப் பெற்ற சட்டத்தை இப்படிக் கிடப்பில் போட்டிருப்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அமலுக்கு வந்தாலும் அரசியல் தலைவர்கள் விஷயத்தில் அதில் ஓட்டை உண்டு. மத்திய அமைச்சர் மீதான புகார் பிரதமரிடம் போகும், மாநில அமைச்சர் மீதான புகார் முதல்வரிடம் போகும். கட்சிக்காரர் மீதான புகாரைக் கட்சித் தலைவரிடமே கொடுப்பது போலத்தான்.

அதனால் மத்திய அமைச்சர், நாடாளுமன்ற உறுப்பினர் மீது ஊழல் புகார் என்றால் இன்றைக்கு நேரான வழி லோக்பால். மத்திய அளவில் ஊழல் புகார்களை விசாரிக்கும் தனி அமைப்பு அது, 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்தது. முதல் தலைவரை நியமிக்க 2019 மார்ச் வரை ஆனது. உரிய படிவத்தில், பிரமாணப் பத்திரத்தோடு, சம்பவம் நடந்து 7 ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும். விசாரணை முடியும்வரை பெயர் காக்கப்படும் என்று விதி சொல்கிறது. தெரிந்தே பொய்ப் புகார் கொடுத்தால் ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். நல்லெண்ணத்தில் கொடுத்த புகாருக்கு இது பொருந்தாது. பிரதமர் மீதும் புகார் கொடுக்கலாம். ஆனால் லோக்பாலின் முழு அமர்வு கூடி, மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் ஒப்புக்கொண்டால்தான் விசாரணை. அதுவும் மூடிய அறையில். அவர் மீதான புகார் வெளியுறவு, பாதுகாப்பு, பொது ஒழுங்கு, அணுசக்தி, விண்வெளி தொடர்பானது என்றால் தொடவே முடியாது. மாநிலங்களுக்கு லோக் ஆயுக்தா. தமிழ்நாட்டில் அதற்கான சட்டம் 2018-இல் வந்தது.

பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டால்? அவசரப்பட வேண்டாம். குஜராத்தின் காக்ராபார் அணுமின் நிலையத்துக்குள் 1994-இல் மழைவெள்ளம் புகுந்தது. அதை ஓர் ஊழியர் நாளிதழுக்கு எழுதினார். வேலை போயிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2013-இல் அவருக்கு எதிராகத்தான் தீர்ப்பு வந்தது. மேலதிகாரிகளிடம் முறையிடாமல் நேரே பத்திரிகைக்குப் போனவரை ஊழலை அம்பலப்படுத்தியவராகக் கருத முடியாது என்றது நீதிமன்றம். ஆக, ஊழியருக்குப் பாதுகாப்பில்லை. வெளியே வந்த ஆவணத்தின் கதை வேறு. ரஃபேல் போர் விமானக் கொள்முதல் வழக்கில், பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்து கசிந்த ஆவணங்களைப் பார்க்கவே கூடாது என்று அரசு வாதாடியது. 2019 ஏப்ரல் 10 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆட்சேபத்தைத் தள்ளுபடி செய்தது. பிறகு சீராய்வு மனு தோற்றது என்றாலும், கசிந்த தாளை நீதிமன்றம் படிக்கலாம் என்பது நிலைத்துவிட்டது.

முறையான வழியில் எழுதினாலும் இடமாற்றம் வரும். 2012 மே மாதம் மதுரை ஆட்சியராக இருந்த சகாயம், கிரானைட் குவாரி முறைகேட்டால் அரசுக்கு ரூ.16,000 கோடிக்கு மேல் இழப்பு என்று அரசுக்கே அறிக்கை அனுப்பினார். அதே மாதம் அவரை கோ-ஆப்டெக்ஸுக்கு மாற்றினார்கள். இடமாற்றம் தண்டனையல்ல, நிர்வாகக் காரணம் என்பது எந்த அரசுக்கும் கைவந்த பதில். ஆனால் அந்த அறிக்கை கோப்பில் நின்றது. 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவரையே சட்ட ஆணையராக நியமித்து அதே முறைகேட்டை விசாரிக்கச் சொன்னது.

ஆகவே, தலைவர்களைக் கேள்வி கேட்க இன்னும் வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. எழுத்தும் நீதிமன்றமும்தான் அந்த வழி. வாய்மொழி உத்தரவு வந்தால், "இன்ன தேதியில், இன்னார் வாய்மொழியாகச் சொன்னபடி" என்று கோப்பிலேயே குறிப்பெழுதி, எழுத்தில் உறுதிசெய்யக் கேளுங்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் சேர்த்த 17ஏ பிரிவின்படி, பதவியில் எடுத்த முடிவு பற்றி விசாரிக்க போலீசுக்கு அரசின் முன் அனுமதி வேண்டும். அந்த அனுமதிக்காகப் போகும் கடிதத்தோடு உங்கள் கோப்புக் குறிப்பும் போகலாம்.

வழக்கில் சாட்சி சொல்லும் கட்டம் வந்து மிரட்டலும் வந்தால், 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் எல்லா மாநிலங்களையும் கட்டுப்படுத்தும். மாவட்ட அளவில் அதற்கென உள்ள அதிகார அமைப்பிடம் மனு கொடுத்து, மிரட்டலின் அளவுக்கேற்ற பாதுகாப்பைக் கேட்கலாம். மிரட்டல் வந்த தேதி, நேரம், தொலைபேசி எண் எல்லாவற்றையும் அன்றன்றே குறித்து வையுங்கள்.