நவம்பர் மழையும் பூட்டிய வாயிலும்

போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூரின் மேற்குப் பக்கத்துத் திடல் ஒன்றில் வெளிநாட்டு ஊழியர்களின் கிரிக்கெட் இறுதி ஆட்டம். விடுதிகளிலிருந்து பேருந்தில் வந்து இறங்கியவர்கள், ஆட்டக்காரர்கள், சாப்பாட்டுக் கடை போட்டவர்கள் என்று எல்லாரையும் சேர்த்தால் 1,500 பேர் இருப்பார்கள். கூட்டப் பாதுகாப்பு என் பொறுப்பு. பதினான்கு வருடமாக இதுதான் என் தொழில்.

மூன்று மணி தாண்டியதும் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. திடல் ஓரத்துக் கம்பத்தில் மின்னல் எச்சரிக்கை விளக்கு சுழல ஆரம்பித்தது, சைரன் ஊதியது. நடுவர் என்னைப் பார்த்தார். நான் ஏற்பாட்டாளரைப் பார்த்தேன். அவர், "இன்னும் மூணு ஓவர்தான் அண்ணே, கொஞ்சம் பொறுங்க, கேட்டுச் சொல்றேன்" என்று யாருக்கோ போன் போட்டார். மறுமுனையில் எடுக்கவில்லை. திரும்பப் போட்டார்.

ஏழு நிமிடம் அப்படியே போயிற்று. அப்புறம் காற்று வந்தது. டென்டேஜின், அதாவது தற்காலிகக் கூடாரத்தின், ஒரு பக்கக் கால்கள் தரையை விட்டு ஒரு சாண் எழும்பி, மறுபடி உட்கார்ந்தன. அதைப் பார்த்த பிறகும் ஜனங்கள் அந்த டென்டேஜுக்குள்தான் ஓடினார்கள். மழைக்கு ஒதுங்க வேறு இடம் இருப்பதாக யாரும் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பேர் மரத்தடிக்குப் போனார்கள். பக்கத்து மண்டபத்துக்குப் போகும் வாயிலுக்கு இரண்டு கதவு. அதில் ஒன்று பூட்டியிருந்தது, சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். திறந்திருந்த ஒற்றைக் கதவில் எல்லாரும் முண்டினார்கள். முன்னால் நின்ற ஒரு தம்பியின் கன்னம் பூட்டிய கதவின் கம்பியில் அழுந்துவதை நான் பத்தடி தூரத்தில் நின்று பார்த்தேன். பின்னால் நின்றவர்களுக்கு அவர் முகம் தெரியாது. அவர்களுக்கு முதுகில் அடிக்கிற மழைதான் தெரியும்.

பெரிய காயம் யாருக்கும் இல்லை. ஆனால் அந்தக் கன்னம் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. ஆட்டத்தை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் எனக்கு உண்டா என்று நான் முன்கூட்டியே கேட்டு வைத்திருக்க வேண்டும். கேட்கவில்லை. அது என் தவறு.

அதற்குப் பிறகு நான் எடுக்கும் தொண்டூழியர் வகுப்புகளில் முதலில் பேசுவது டொர்னேடோ என்ற சுழல்காற்றைப் பற்றி. சிங்கப்பூரில் டொர்னேடோவா என்று கேட்பார்கள். அமெரிக்கா மாதிரியான டொர்னேடோ இங்கே வருவதில்லை. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில், தரைக்காற்றுக்கும் மேல்காற்றுக்கும் வேகத்திலும் திசையிலும் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. ஒரு மேகம் முழுவதும் சுழல அந்த வேறுபாடு வேண்டும். நம் கடலோரத்தில் எப்போதாவது தெரியும் நீர்ச்சுழல், கடல்மேல் தூண்போல் எழும் சுழல்காற்று, வேறு வகை. பெரும்பாலும் சில நிமிடங்களில் கலைந்துவிடும். ஆனாலும் டொர்னேடோ தாக்கிய ஊர்களில் பெருங்கூட்டத்தை எப்படிக் காத்தார்கள் என்பது நமக்கு அப்படியே பொருந்தும்.

அமெரிக்காவில் டொர்னேடோவுக்கு வசந்த காலம்தான் பெயர்போனது. நவம்பரில் இன்னொரு சுற்று உண்டு. மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வெப்பமும் ஈரமும் அப்போதும் வந்துகொண்டிருக்கும், மேலே குளிர்காலத்துப் பலத்த காற்றோட்டம் தெற்கே இறங்கத் தொடங்கியிருக்கும். இரண்டும் சந்தித்தால் புயல்கள் வேகமாக நகரும். பொழுதும் சீக்கிரம் சாய்ந்துவிடும். சீசன் முடிந்தது என்று ஜனங்கள் அசந்திருக்கும் நேரம் அது.

2013 நவம்பர் 17, ஞாயிறு. இலினாய் மாநிலத்தின் வாஷிங்டன் என்ற சிற்றூரை முற்பகலில் இஎஃப்-4 வகை டொர்னேடோ (பலத்தை 0 முதல் 5 வரை குறிக்கும் அமெரிக்க அளவுகோலில் 4) கிழித்துப் போட்டது. அதே புயல் வரிசை சிகாகோவை நெருங்கியபோது, 60,000 பேருக்கு மேல் அமரக்கூடிய சோல்ஜர் ஃபீல்டில் பேர்ஸ், ரேவன்ஸ் அணிகளின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் முதல் கால்பகுதியில் இருந்தது. நிறுத்தினார்கள். திறந்த இருக்கைகளில் இருந்தவர்களைக் கூரையுள்ள உள்நடைகளுக்குப் போகச் சொன்னார்கள். ஆட்டம் மறுபடி தொடங்க ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆயிற்று. அவர்கள் கூட்டத்தை வீட்டுக்கு அனுப்பவில்லை, உள்ளேதான் அனுப்பினார்கள். இதை நான் வகுப்பில் இரண்டு முறை சொல்வேன்.

ஏனென்றால் நம் தொண்டூழியர்கள் எல்லாரும் தீ ஒத்திகையில் பழகியவர்கள். தீ என்றால் கட்டடத்தை விட்டு வெளியே வர வேண்டும். புயலுக்கு அது தலைகீழ். கை காட்டும் திசை மாறும், திறந்திருக்க வேண்டிய கதவு மாறும், அம்புக்குறிப் பலகைகூட மாறும். தீக்குப் போட்ட திட்டத்தையே மின்னலுக்கும் எடுத்தால், பத்திரமான கட்டடத்தில் இருப்பவர்களை நாமே வெட்டவெளிக்குத் துரத்துவோம்.

2008 மார்ச் 14 இரவு அமெரிக்காவின் அட்லாண்டாவில் நடந்ததைச் சொன்னால் வகுப்பு அமைதியாகிவிடும். ஜார்ஜியா டோமில் அலபாமாவுக்கும் மிசிசிப்பி ஸ்டேட்டுக்கும் கூடைப்பந்து ஆட்டம். கடைசி நொடியில் அலபாமாவின் மைக்கல் ரைலி எறிந்த மூன்று புள்ளிப் பந்து உள்ளே விழுந்து ஆட்டம் சமனானது, கூடுதல் நேரம் கொடுத்தார்கள். அந்தக் கூடுதல் நேரத்தில்தான் டொர்னேடோ நகரின் நடுப்பகுதியைத் தாக்கியது. கூரை கிழிந்தது, மேலிருந்து பொருட்கள் விழுந்தன, ஆனாலும் அரங்குக்குள் யாரும் சாகவில்லை. அந்தப் பந்து தவறியிருந்தால் ஆயிரக்கணக்கானோர் அந்த நேரம் தெருவில் நடந்துகொண்டிருந்திருப்பார்கள். ஒரு பையனின் கை அவர்களைக் காப்பாற்றியது. நம் ஊர்க் கூட்டத்தை அப்படி ஒரு தற்செயலின் கையில் விட நான் தயாராக இல்லை.

மூன்றாவது ஊர் நேப்பாளத்தின் காட்மாண்டு. 1988 மார்ச் 12, தசரத அரங்கத்தில் கால்பந்து ஆட்டம். அங்கே டொர்னேடோ இல்லை, ஆலங்கட்டி மழைதான். திறந்த பக்கங்களில் இருந்தவர்களுக்கு ஒதுங்க இடமில்லை, கூரை ஒரு பக்கம் மட்டும் இருந்தது. வெளியேறும் வழிகளை நோக்கி ஓடினார்கள், வாயில்கள் பூட்டிக் கிடந்தன. பின்னால் வந்தவர்களுக்கு அது தெரியவில்லை. 93 பேர் இறந்தார்கள். ஆலங்கட்டி ஒருவரைக்கூடக் கொல்லவில்லை. மேற்கே அந்தத் திடலில் நான் பார்த்ததும் இதே கதையின் முதல் அரை நிமிடம்தான்.

நம் வானிலைக்கு வருகிறேன். ஆண்டில் 160 நாட்களுக்கு மேல் இடியுடன் மழை பெய்யும் தீவு இது. ஏப்ரல், மே, நவம்பர் மாதங்களில் இடி அதிகம். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை சுமத்ரா சூறைக்காற்றும் உண்டு. மலாக்கா நீரிணைப் பக்கம் திரண்டு, மேகங்கள் ஒரே கோடாகக் கிழக்கே வரும். பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும்தான் என்றாலும், 2024 செப்டம்பர் 17 அன்று மாலையில் வந்தது. மேற்கே தெங்காவில் மணிக்கு 83.2 கிலோமீட்டர் வேகம் பதிவானது, 300க்கும் மேற்பட்ட மரங்கள் சாய்ந்தும் முறிந்தும் போயின. இங்கே இதுவரை பதிவானதில் பலத்த காற்று, 1984 ஏப்ரல் 25 அன்று அதே தெங்காவில் வீசிய 144.4 கிலோமீட்டர். அமெரிக்க அளவுகோலில் அது இஎஃப்-1 டொர்னேடோவின் வேகம். சுழல வேண்டும் என்றில்லை, டென்டேஜைத் தூக்கிப் போட நேராக வீசும் காற்றே போதும்.

இரண்டு வகை ஆபத்துக்கும் நமக்குக் கிடைக்கும் அவகாசம் வேறு. சூறைக்காற்றின் கோட்டை ரேடாரில் முன்கூட்டியே பார்க்கலாம், யோசிக்க நேரம் இருக்கும். நவம்பர் பிற்பகல் இடிமழை நம் தலைக்கு மேலேயே திரளும். அரை மணிக்கு முன் வெயில் அடித்திருக்கும். தேசிய விளையாட்டரங்கின் நகரும் கூரையை மூடவே 20, 25 நிமிடம் ஆகும். அங்கே இருக்கைகளுக்கு நிரந்தரக் கூரை இருக்கிறது, முழுநேர ஊழியர்கள் இருக்கிறார்கள். எனக்குக் கவலை அந்த 55,000 பேரைப் பற்றி அல்ல. வாடகைத் திடலில் ஆயிரம் பேரைக் கூட்டும் குழுக்களைப் பற்றித்தான். நம் சமூகத்தில் அப்படிப்பட்ட போட்டிகள் நிறைய, நடத்துகிறவர்கள் எல்லாரும் தொண்டூழியர்கள்.

கணக்கு ஒன்று சொல்கிறேன். விளையாட்டரங்குப் பாதுகாப்புக்கு பிரிட்டனில் வகுத்த அளவுப்படி, சமதளத்தில் ஒரு மீட்டர் அகலத்தில் நிமிடத்துக்கு 82 பேர்வரை கடக்கலாம். அன்றைய வாயில் மூன்று மீட்டர். முழுதும் திறந்திருந்தால் 1,500 பேர் சுமார் ஆறு நிமிடத்தில் மண்டபத்துக்குள் போயிருப்பார்கள். பாதி பூட்டியிருந்ததால் பன்னிரண்டு. அதோடு போன் போட்டுப் போட்டு வீணான ஏழு நிமிடத்தையும் கூட்டுங்கள்.

அதனால் இப்போது ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே ஏற்பாட்டாளரிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்குகிறேன். மின்னல் சைரன் ஊதினால் ஆட்டம் அங்கேயே நிற்கும், யாரையும் கேட்கத் தேவையில்லை, நிறுத்துகிறவர் இன்னார், அவர் கழிவறைக்குப் போனால் அடுத்தவர் இன்னார். முதலில் ஏற்பாட்டாளர்களுக்கு இது பிடிக்கவில்லை. இறுதி ஆட்டம், விருந்தினர் வருகிறார், கோப்பை கொடுக்க வேண்டும். எனக்குப் புரிகிறது. ஆனால் வானம் கறுத்த பிறகு நடக்கும் பேச்சுவார்த்தையில் எப்போதும் ஆட்டம்தான் ஜெயிக்கும். வெயிலடிக்கும்போதே பேசி முடித்துவிட வேண்டும். 2022 சிங்கப்பூர் ஃபார்முலா ஒன் கார் பந்தயமே மழைக்காக ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளித்தான் தொடங்கியது. நம் கோப்பையும் காத்திருக்கலாம்.

அறிவிப்பு வாசகத்தையும் முன்பே எழுதி வைக்கிறோம். "பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும்" என்று ஒலிபெருக்கியில் சொன்னால் யாரும் நகர மாட்டார்கள். எது பாதுகாப்பான இடம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? "மின்னல் வருது. ஆட்டம் நின்னுடுச்சு. பச்சைக் கொடி பிடிச்சிருக்கிறவர் பின்னாடி மண்டபத்துக்குள்ள போங்க. டென்டேஜ்ல நிக்காதீங்க, மரத்தடிக்குப் போகாதீங்க" என்று சொன்னால் நகர்கிறார்கள். தமிழ், வங்காளம், ஆங்கிலம் மூன்றிலும் ஆளுக்கு ஒரு குரல், முன்பே வாசித்துப் பழகிய குரல்.

வாக்கி-டாக்கியில் ஒரு சிக்கல் இருந்தது. மின்னல் அபாயத்துக்கு இங்கே எல்லாரும் 'கேட் ஒன்' என்பார்கள், 'கேட்டகரி ஒன்' என்பதன் சுருக்கம், தேசிய சேவைக்குப் போனவர்களுக்குப் பழகிய சொல். ஒத்திகையில் அதைச் சொன்னதும் ஒரு தொண்டூழியர் முதலாம் வாயிலுக்கு ஓடினார். அவர் காதில் அது 'கேட்', அதாவது வாயில்தான். அவர்மேல் குற்றம் இல்லை. இப்போது 'மின்னல், நிறுத்து' என்கிறோம்.

ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் உட்காரும்போதே பக்கத்தில் சுவரும் கூரையும் உள்ள கட்டடம் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மைஎன்வி என்ற கைப்பேசிச் செயலியில் கனமழை, மின்னல் எச்சரிக்கைகளைப் போட்டு வையுங்கள். மழை விட்டதும் உடனே திடலில் இறங்காதீர்கள், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் போகட்டும். கூட்டம் நெருக்கினால் பின்னால் இருப்பவர்தான் முதலில் நிற்க வேண்டும். முன்னால் இருப்பவரால் முடியாது.

இந்த ஞாயிறு அதே திடலில் மறுபடி ஆட்டம். நேற்று மாலை போய் அந்த இரட்டைக் கதவின் பூட்டைக் கழற்றி வாங்கிவிட்டேன். கதவு காற்றில் தானாகச் சாத்திக்கொள்ளாமல் இருக்கக் கொக்கி தேவைப்பட்டது. திடல் பராமரிப்பு அண்ணன் ஒருவர் தேடி எடுத்துக் கொடுத்தார். இரண்டு கதவையும் விரியத் திறந்து, கொக்கி மாட்டி, நான்கு பேரைப் பக்கம் பக்கமாக நடந்து போகச் சொன்னோம். தோள் இடிக்காமல் போனார்கள்.